நடுவில் யாரும் பேசாமல்

மகனே,

இந்தக் கடிதத்தை நீ முழுசாகப் படிப்பாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் தபாலில் போடாமல், வாகைகுளம் விமான நிலைய வாசலில் வைத்து உன் கையிலேயே கொடுக்கிறேன். வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் அனுப்புகிறதை எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாய் என்று நீயே ஒருமுறை சொன்னாய். "அப்படி ஓடவிட்டாத்தான்ப்பா நீங்க பேசுதது சாதாரண ஆளு பேசுத மாதிரி இருக்கு" என்றாய். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உனக்கு உண்டு என்பதும் தெரியும். ஆகவே கார்ச் சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிரே டீ குடித்தபடி உன் கண் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நிதானமாகப் படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மனைவி கோமதி யாரோடோ செல்போனில் ரகசியமாகப் பேசுகிறாள் என்று நான் உன்னிடம் சொன்னேன். நீ கப்பலில் இருந்தபடி, "நான் வந்து ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்" என்றாய். அவளை ஆத்தூரில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்ற முடிவோடுதான் இப்போது வந்து இறங்கியிருக்கிறாய். நான் சொன்னது தப்பு. அவள் யாரோடும் பேசவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று உடனே உன் மனசு கேட்கும். கேட்காவிட்டால்தான் நீ என் பிள்ளையா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

நம் வீட்டுக்குச் சோறு போட்டது சந்தேகம். கருப்பட்டி மண்டி வைத்திருப்பவன் யாரையும் நம்பிப் பிழைக்க முடியாது. உடன்குடிப் பக்கமிருந்து பனையோலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பம் வந்து இறங்கினால், கொண்டுவந்தவன் என் சொந்தச் சித்தப்பா மகனாகவே இருந்தாலும் ஒரு கருப்பட்டியை எடுத்துத் தரையில் தட்டி உடைப்பேன். உடைந்த இடம் பளபளவென்று மின்னினால் சீனி கலந்திருக்கிறது என்று அர்த்தம். "அண்ணாச்சி, என்னைய நம்ப மாட்டீயளா?" என்று கேட்பார்கள். "உன்னைய நம்புதேன்டே. கருப்பட்டியத்தான் நம்பல" என்பேன். இது கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வந்தது. மில்லர்புரத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது கொத்தனார் மேல் சந்தேகம், குடிவந்த பிறகு எதிர்வீட்டுக்காரர் வாங்கிய நாய் மேல் சந்தேகம். உன் அம்மா "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் என்னவோ இருக்கிறது என்று சந்தேகம். "இன்னது" என்று சொன்னால் அது மட்டும்தானா என்று சந்தேகம். உனக்கும் அந்த ரத்தம் ஓடுகிறது. எஞ்சின் அறையில் மீட்டர் காட்டுகிற சூட்டை நம்பாமல் குழாயில் கையை வைத்துப் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்லுவாய். இயந்திரத்துக்கு அது நல்லதுதான்.

நீ கப்பலேறிய பிறகு, சாயங்காலமானால் கோமதி காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போவாள். மூன்று பேர் துணியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவளோ விளக்கு வைக்கிற நேரம் வரை இறங்கமாட்டாள். ஒருநாள் நான் கடையிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே வந்து பைக்கை நிறுத்தும்போது மேலே பேச்சுச் சத்தம். அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துறைமுகம் இருக்கிற திசையைப் பார்த்தபடி, செல்லைக் காதில் வைத்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். நான் படியேறுகிற சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அது போதாதா? மறுநாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். படி திரும்புகிற இடத்தில் நின்றேன். காற்றில் வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவள் பேசிக்கொண்டே போகிறாள். நடுவில் நிறுத்தி "ம்" என்றோ "அப்படியா" என்றோ ஒன்றும் சொல்லவில்லை. எதிர்முனையில் இருக்கிறவன் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். இதிலிருந்து என் புத்தி என்ன கண்டுபிடித்தது தெரியுமா? ஒரு பெண் பேசுவதை இவ்வளவு நேரம் குறுக்கே விழாமல் கேட்கிறவன் சொந்தக்காரனாக இருக்கவே முடியாது. அப்பனோ அண்ணனோ கட்டினவனோ என்றால் இதற்குள் நாலு புத்தி சொல்லியிருப்பான். ஆகவே இது வேறு எவனோ. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு அன்று உள்ளூரப் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உன் அம்மாவிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற சோலி இல்லையா" என்று போய்விட்டாள். பிறகுதான் உன்னிடம் சொன்னேன். நீ முதலில் கேட்டது, "எத்தன நாளா?" அடுத்தது, "எத்தன மணிக்கு?" அதற்கடுத்தது, "நம்பர் பாத்தீயளா?" கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் புருஷனைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, பழகாத வீட்டில் இருக்கிற பெண் ஏன் தினமும் தனியாக மேலே போய் நிற்கிறாள் என்று நீயும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அன்று நீ போனை வைத்தபோது, பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். இப்போது அந்த வளர்ப்பின் மேலேயே சந்தேகமாக இருக்கிறது.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு தந்திரம் செய்தேன். அவள் மேலே பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கீழே படியில் நின்று அவள் நம்பருக்கு அடித்தேன். லைன் பிஸி என்று வந்தால் முடிந்தது கதை. ஆனால் "தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று அந்தப் பெண் குரல் சொன்னது. மேலே இவள் பேசுகிற சத்தமும் கேட்கிறது. நியாயமாக ஒரு மனுஷன் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன்? "அடிப்பாவி, ரெண்டாவது செல் வச்சிருக்கா!" அதே வேகத்தில் படியேறிப் போய் அவள் முன்னால் நின்றேன். கையில் இருந்தது நீ வாங்கிக் கொடுத்த அதே செல்தான், மூலையில் கீறல் விழுந்தது.

"யாரும்மா லைன்ல?" என்றேன்.

"யாரும் இல்ல மாமா."

"யாரும் இல்லாமயா இவ்வளவு நேரமாப் பேசுதே?"

அவள் செல்லை என் பக்கம் நீட்டினாள். நான் அதை வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன். பட்டனை அழுத்திப் பார்த்தேன். உயிரில்லாமல் கறுப்பாக இருந்தது. அப்போதும் அதைத் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவள் கொடியில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "முழுசா ஒரு தடவ சொல்லிப் பாக்கேன் மாமா. நடுவுல யாரும் பேசாம. செல்லு இல்லாமத் தனியாப் பேசுனா எதுத்த வீட்டு அக்கா எனக்குக் கோட்டின்னு நெனைப்பாவ. அதான் காதுல வச்சுக்கிடுதேன்."

"எதச் சொல்லிப் பாக்கே?"

"எங்க வெள்ளத்த."

எங்க வெள்ளம் என்று அவள் சொன்னதும் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் நம் ஊரில் வெள்ளம் என்றாலே எல்லாருக்கும் தன் வெள்ளம்தான். நீ அப்போது கடலில் இருந்தாய். உனக்கு இது தெரியாது. யாராவது ஒருவர் "வெள்ளத்தன்னைக்கு" என்று வாயைத் திறந்தால் போதும், எதிரே இருப்பவரின் வெள்ளம் மடை திறந்து வந்துவிடும். மாப்பிள்ளையூரணிக்காரர் இடுப்பளவு தண்ணீர் என்றால், முத்தையாபுரத்துக்காரர் கழுத்தளவு என்பார். ஒருவர் பைக் போனதைச் சொன்னால் இன்னொருவர் கார் போனதைச் சொல்லுவார். கல்யாணப் பந்தியில், முடிவெட்டுகிற கடையில், துக்க வீட்டு வாசலில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். எல்லாரும் சொல்லியாயிற்று. ஆனால் யாருடைய வெள்ளத்தையாவது யாராவது கடைசி வரை கேட்டிருக்கிறார்களா என்று யோசித்தால் ஒருத்தர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

இந்தப் போட்டியில் ஜெயிக்கிற ஆள் நான். என் வெள்ளம் கருப்பட்டி வெள்ளம் அல்லவா? மண்டிக்குள் தண்ணீர் புகுந்து அடுக்கியிருந்த சிப்பம் அத்தனையும் கரைந்து, கடைக்குள்ளே முழங்கால் அளவு பானகம். தெரு முழுக்கக் கருப்பட்டி வாசனை. "எறும்புக்கு மட்டும் நீச்சல் தெரிஞ்சிருந்தா அன்னைக்குத்தான் அதுக்குத் தீவாளி" என்று முடிப்பேன். சிரிக்காதவர்கள் கிடையாது. உனக்குப் பெண் பார்க்க ஆத்தூர் போனபோது, கோமதியின் அப்பா மெதுவாக, "வெள்ளத்துலதான் இவ அம்மா…" என்று ஆரம்பித்தார். பெண்ணுக்குத் தாய் இல்லை, வெள்ளச் சமயத்தில் தவறிவிட்டாள் என்பது நமக்கு முன்பே தெரியும். துக்கத்தை மாற்றலாம் என்று நான் என் பானகக் கதையை எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார். நாகரிகமான மனுஷன். காப்பி தம்ளரோடு உள்ளே நின்றிருந்த பெண் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

கல்யாணமாகி வந்த பிறகு அவள் மூன்று பேரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உன் அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கும்போது ஆரம்பித்தாளாம். "எங்களுக்கு மட்டும் என்னளா, பிரிட்ஜு மெதந்து வந்து கதவ அடச்சுட்டு" என்று உன் அம்மா பிரிட்ஜுக்குப் போய்விட்டாள். என்னிடம் ஆரம்பித்தபோது நான் வழக்கம்போல் பானகம். உன்னிடம் வீடியோ காலில் சொல்ல வந்தபோது, "அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத, நல்லாச் சாப்பிடு" என்று சொன்னாயாம். அதோடு சிக்னல் போய்விட்டதாம். சிக்னல்தான் போனதா, நீ வைத்தாயா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவளுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. சிக்னல்தான் என்று சொன்னாள்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. காரணம், இந்த வலி எனக்குத் தெரியும். வெள்ளம் வடிந்ததும் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் மண்டிக்கு வந்தார். "சரக்கு எங்க?" என்றார். "கரைஞ்சு போச்சு சார்." "கரைஞ்சதுக்கு என்ன அத்தாட்சி?" அரிசிக்கடைக்காரன் நனைந்த மூட்டையைக் காட்டினான், துணிக்கடைக்காரன் சேறான சேலையைக் காட்டினான். எனக்குக் காட்ட வெறும் ஓலைதான் மிதந்தது. நான் சொல்லச் சொல்ல அந்த ஆள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே பொய் இருக்கிறது என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்; நான் கருப்பட்டியைப் பார்ப்பதும் அப்படித்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுகிறவனுக்கு அந்தப் பார்வை முன்னால் வார்த்தை குழறிப் போகும். நானும் குழறினேன். இதெல்லாம் பட்டவன்தான் மருமகள் பேச்சை ஒட்டுக் கேட்கப் படியேறினேன்.

சரி, மாடிக்கு வருகிறேன். செல்லைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லும்மா, நான் நடுவுல பேசல" என்றேன். அவள் நம்பவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்லவேளை, சிரித்துச் சமாளிக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அவள் தொட்டியில் சாய்ந்து நின்றபடி சொன்னாள்.

"அம்மாவுக்கு இளைப்பு உண்டு மாமா. அன்னைக்குக் கரண்டு இல்ல, மூச்சுக்கு வைக்கிற மிஷின வைக்க முடியல. தண்ணி ஏற ஏறப் பக்கத்து மச்சு வீட்டு மாடிக்குத் தெருவே ஏறிட்டு. அப்பாவும் நானும் அம்மாவத் தூக்கிக்கிட்டுப் போனோம். படுக்க வச்சா மூச்சு முட்டுதுன்னு, நான் உக்காந்து அவள எம்மேல சாச்சு வச்சிக்கிட்டேன். அவ முதுகு எந்நெஞ்சுல இருந்துது. ஒவ்வொரு மூச்சும் எனக்குத் தெரியுது. மேல ஒரு தார்ப்பாய நாலு பேரு புடிச்சுக்கிட்டு நின்னாவ. அம்மா நைட்டியோட இருந்தா. 'ஏளா, கீழ போயி ஒரு சேல எடுத்துட்டு வா, ஆம்பளைய எல்லாம் பாக்காவ'ன்னா. கீழ இடுப்புக்கு மேல தண்ணி. திரும்பத் திரும்ப அதையே சொல்லுதா. எனக்குக் கோவம் வந்துட்டு. 'இப்பப் போயி சேல ஒரு கேடா, சும்மா இரும்மா'ன்னு சொன்னேன். பெறவு அவ ஒண்ணும் சொல்லல."

இந்த இடத்தில் என் வாய் திறந்துவிட்டது. "அந்த நேரத்துல நீ என்னம்மா செய்ய முடியும்" என்று வந்தது நாக்கு நுனிக்கு. கடித்துக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், அந்த ஆறுதல் அவளுக்காகவா வந்தது? இல்லை. எனக்குக் கேட்கத் தாங்கவில்லை. அவள் மேலே சொல்லாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. நாம் ஆறுதல் என்று சொல்லுவதில் பாதி, எதிரே இருப்பவர் வாயைப் பொத்துவதற்குத்தான். அதற்கு நடுவிலும் இந்தக் கழுதைப் புத்தி, நாலு பேர் பக்கத்தில் நின்றார்களே, ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்று கணக்குக் கேட்டது. இதையும் உனக்கு மறைக்கவில்லை.

"கொஞ்ச நேரம் மூச்சு இருந்துது" என்று அவள் தொடர்ந்தாள். "பெறவு அது இல்ல. அப்பா கைப்பிடிச் சுவரு பக்கம் உக்காந்து வெத்தலக் கொடிக்கால் முங்குறதயே பாத்துக்கிட்டு இருந்தாவ. 'அம்மா என்ன செய்யுதா'ன்னு கேட்டாவ. 'தூங்குதா'ன்னு சொன்னேன். படகு வார வரைக்கும் அப்படியே சாச்சு வச்சிருந்தேன் மாமா. அசையல. அசைஞ்சா அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்லா? அப்பத்தான் பாத்தேன், நான் துப்பட்டா போட்டிருக்கேன். அத எடுத்து அவளுக்குப் போத்துனேன். காலைல இருந்து எந்தோள்ளதான் மாமா கெடந்துது. அவ கேக்கும்போதே போத்தியிருக்கலாம்லா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொடியிலிருந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துவிட்டு, மீதித் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். என் வேட்டியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். இருவருமாக மடித்தோம். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயசுக்காரன் மருமகள் முன்னால் அழுவது அவளுக்கு இன்னொரு பாரம் என்று அடக்கிக்கொண்டேன். கீழே வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் கிரைண்டர்ட்ட சொல்லுவேன், அவ செல்லுல சொல்லுதா. இந்த வீட்டுல அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். மாவாட்டும்போது அவள் ஏதோ முணுமுணுப்பதை இத்தனை வருஷமாகச் சாமி பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும் என்று லேசாக நினைக்காதே. எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர், எதிரே இருப்பவர் பேசும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், தலையை மெல்ல ஆட்ட வேண்டும், அவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வகுப்பெடுத்தார். இலவசமாகச் சொல்லித் தருகிறாரே என்று எனக்கு அவர் மேலேயே சந்தேகம். ஆனாலும் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஆட்டிப் பார்த்தேன். "என்ன, கழுத்து புடிச்சுக்கிட்டா?" என்று கேட்டாள். ஆகவே தலையாட்டாதே. பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று மாடியில் நடந்ததற்குப் பிறகு நான் வேறு மாதிரிப் பழகிப் பார்க்கிறேன். மண்டிக்குச் சில்லறைக்கு வருகிற பெரியவர் ஒருவர் முட்டுவலி என்று ஆரம்பிப்பார். நான் உடனே எண்ணெய் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். போன வாரம் எண்ணெயைச் சொல்லாமல் இருந்தேன். முட்டிலிருந்து கிளம்பிய பேச்சு, மகன் வீட்டில் மாடி அறையைக் கொடுத்திருக்கிறான், இறங்கி ஏற முடியாததால் யாரோடும் பேசாமல் நாள் போகிறது என்பதில் வந்து நின்றது. எனக்கு அன்று அரை நாள் வியாபாரம் போயிற்று. அவர் கருப்பட்டியும் வாங்க மறந்து போய்விட்டார்.

சந்தேகத்தை விட்டுவிடு என்று உனக்கு உபதேசம் செய்யமாட்டேன். என்னால் முடியாததை உன்னிடம் கேட்பது அயோக்கியத்தனம். சந்தேகப்படு, ஆளை மட்டும் மாற்று. அவள் பேசும்போது உன் வாயைச் சந்தேகப்படு. ஒரு யோசனை சொல்லத் தோன்றினால், இது யாருக்காக வருகிறது என்று அதை உடைத்துப் பார். உன் கதை ஒன்று ஞாபகம் வந்தால், இப்போது ஏன் வருகிறது என்று கேள். அவள் கொஞ்சம் நிறுத்தினால், முடித்துவிட்டாள் என்று நம்பிவிடாதே. பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு அறுபதை நெருங்கித் தெரிகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதிலும் முழு நம்பிக்கை இல்லை.

மறுநாள் மாடியில் அவள் கேட்டாள்: "என்னப் பத்தி அவருட்ட சொல்லிட்டீயள்லா மாமா?" கப்பலுக்குப் பேசும்போது நான் கடலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று கத்துவேன் அல்லவா? அன்று நடு வீட்டில் நின்று நான் கத்தியதை அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் எனக்குத் தினமும் சோறு போட்டிருக்கிறாள். சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். "நான் பேசிச் சரிபண்ணிக்கிடுதேன்மா" என்றேன். "நீங்க பேசித்தான மாமா இவ்வளவும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. ஆகவே நான் பேசவில்லை, எழுதுகிறேன். அவள் சொன்னதை உனக்கு எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கிடுங்க. படகு வந்த பெறவு என்ன நடந்துதுன்னு உங்களுக்கும் நான் சொல்லல. அத அவருக்குன்னு வச்சிருக்கேன்" என்றாள்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. "அவரு வந்து என்ன கேப்பாருன்னு தெரியும் மாமா. யாரு, எப்ப, எந்த நம்பரு. எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் இருக்கு. ஆனா பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்த வீட்டுல இருக்கணும்னா எனக்கு வேண்டாம். பை எடுத்து வச்சிட்டேன்."

அவளை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நீ வந்திருக்கிறாய். முடிவு உன் கையில் இருக்கிறது என்று நினைக்கிறாய். இல்லை. நம்மோடு இருக்கலாமா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் விசாரணையைத் தொடங்காதே. என் கடிதத்தைப் படித்துவிட்டேன், எல்லாம் தெரியும் என்றும் சொல்லாதே. உனக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. குளித்துச் சாப்பிட்டுவிட்டு, படகு வந்த பிறகு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார். இன்றைக்கு அவள் சொல்லமாட்டாள். நாளைக்கும் சொல்லாமல் இருக்கலாம். உன்னை நம்ப அவளுக்குக் காரணம் ஒன்றும் நாம் கொடுக்கவில்லை. இருந்தாலும் உட்கார்.

பை உன் அறையில் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இன்று காலை, உன்னை அழைத்துவரக் கிளம்பும் முன்னால், குனிந்து பார்த்தேன். ஆமாம், பார்த்தேன், என் புத்தி அது. சேலை, துண்டு எல்லாம் மடித்து வைத்திருக்கிறாள். ஜிப்பை மட்டும் இன்னும் இழுத்து மூடவில்லை.

சாவியை வாங்கிக்கொள். நீயே ஓட்டு. வழியில் நான் பேசமாட்டேன்.

அப்பா